கோட்டயத்தில் நின்றுபோன பாட்டு

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை ஒட்டிய பழவங்காடியில் கணபதியின் சந்நிதிக்கு முன் அன்றாடம் உடைபடும் தேங்காய்களுக்குக் கணக்கில்லை. பழைய நாயர் படையின் சிப்பாய்கள் பத்மநாபபுரத்திலிருந்து கொண்டுவந்து பிரதிஷ்டை செய்த மூர்த்தி அது. ஆலயத்தின் பரிபாலனமும் இன்றுவரை ராணுவத்தார் கையில்தான் இருக்கிறது. பரீட்சைக்குப் போகும் பையனும், கடல் கடந்து உத்தியோகத்துக்குப் புறப்படும் இளைஞனும், புதுக்கடை திறக்கும் வியாபாரியும் இங்கே வந்து ஒரு தேங்காயை ஓங்கி அடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு நடக்கிறார்கள். அவர்களில் பலர் அதே பொழுதில் சாலைக் கடைத்தெருப் பக்கமுள்ள ஸ்ரீ பத்மநாபா தியேட்டரில் தங்கள் அபிமான நட்சத்திரத்தின் புதுப்படத்துக்கும் போய்வருவார்கள். கும்பிடும் கையும் விசில் அடிக்கும் வாயும் ஒரே ஆளுடையவையாக இருப்பதில் நம் ஜனங்களுக்கு யாதொரு முரண்பாடும் தோன்றுவதில்லை. தோன்ற வேண்டும் என்று நாமும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் தெய்வத்தை வணங்கும் மனமும் நட்சத்திரத்தைத் துதிக்கும் மனமும் ஒன்றாகக் கலந்துவிட்டால், துதிக்கப்படுகிறவனின் கதி என்ன ஆகும் என்ற கேள்வியை ஒருமுறை இரண்டு ஆங்கில வாலிபர்கள் ராக் சங்கீதத்தில் எழுப்பினார்கள். அந்தக் கேள்விக்குக் கிடைத்த மறுமொழிகளில் மிக விசித்திரமான ஒன்று, நம் ஊரிலிருந்து சில மணி நேர ரயில் பிரயாணத்தில் எட்டிவிடக்கூடிய கோட்டயத்தில் கிடைத்தது.

1970 அக்டோபரில் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்ற இரட்டை இசைத்தட்டு வெளிவந்தபோது, அதற்கு இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பருக்கு வயது 22. பாட்டெழுதிய டிம் ரைஸுக்கு 25. இயேசுவின் கடைசி ஏழு நாட்களை மேடை நாடகமாக ஆக்கவேண்டும் என்பதே அவர்களுடைய ஆசை. பணம் போட எந்த நாடகக் கம்பெனி முதலாளியும் முன்வராமற் போகவே, முதலில் 1969-இல் ஒற்றைப் பாட்டாகவும், பிறகு முழுக் கதையையும் அடக்கிய இசைத்தட்டாகவும் அதை வெளியிட நேர்ந்தது. இயேசுவாகப் பாடியவர் இயான் கில்லன். டீப் பர்ப்பிள் என்ற பெருங்கூச்சலுக்குப் பேர்போன ராக் குழுவின் பாடகர். தேவகுமாரனுக்கு அந்தக் குரலா என்று பக்தர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை. இங்கிலாந்தில் முதலில் அவ்வளவாக எடுபடாத இத்தட்டு, அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறிற்று. அதற்குப் பிறகுதான் மேடை கிடைத்தது. 1971 அக்டோபர் 12-ஆம் தேதி நியூயார்க்கின் மார்க் ஹெலிங்கர் தியேட்டரில் அரங்கேறி 711 தடவை நடந்தது. லண்டனில் 1972 முதல் 1980 வரை 3,358 தடவை. 1973-இல் நார்மன் ஜூவிசன் இஸ்ரேலிலேயே படப்பிடிப்பு நடத்தி அதைச் சினிமாவாகவும் எடுத்தார்.

கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சொல்லுகிற ஆள்தான் வேறு. சுவிசேஷங்களில் முப்பது வெள்ளிக் காசுக்குக் குருவைக் காட்டிக்கொடுத்த துரோகியாக வரும் யூதாஸ், இங்கே முதற்பாட்டிலேயே மேடையின் முன்னால் வந்து நின்று, தன் மனக்குமுறலைக் கொட்டுகிறான். அவன் ஆக்ஷேபம் குருவின் போதனையைப் பற்றியதன்று. போதித்தவரின் கீர்த்தி போதனையை விழுங்கிவிட்டது என்பதே. ஏழைக்கு இரங்கு என்று அவர் சொன்னது மறந்துபோய், அவர் தெய்வம் என்ற பேச்சு மட்டும் ஊரெங்கும் பரவுகிறதே, இந்தக் கூட்டம் எதிர்பார்த்தது கிடைக்காதபோது அவரையே கிழித்துப் போட்டுவிடுமே என்று அவன் அஞ்சுகிறான். அவன் அஞ்சியபடியே எல்லாம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒலிவ இலையும் குருத்தோலையும் ஏந்தி வாழ்த்துக் கூவிய அதே ஜனத்திரள், வெள்ளிக்கிழமை பிலாத்துவின் வாசலில் அவரைச் சிலுவையில் அறையச் சொல்லிக் கூவுகிறது. ஏரோது ராஜாவோ ஓர் அற்புதம் செய்துகாட்டினால் விட்டுவிடுகிறேன் என்று கேலியாக ஆடிப்பாடுகிறான். அவனுக்கு வேண்டியது ரட்சகர் அல்லர், சர்க்கஸ்காரர். செத்துப்போன யூதாஸே கடைசியில் பெண்களின் கோஷ்டிகானத்தோடு திரும்பிவந்து, செய்தி பரவ வானொலியும் டெலிவிஷனும் இல்லாத ஒரு காலத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர் என்று குருவைக் குடைகிறான்.

இந்தச் சங்கீதத்தை இரைச்சல் என்று ஒதுக்கிவிடும் நம் கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. குருவின் பாதங்களுக்கு மகதலேனா மரியாள் பரிமள தைலம் பூசி ஆற்றுகிற பாட்டு ஐந்தைந்து அட்சரமாக, நம் கண்ட நடையில் அமைந்தது. நாலு நாலாக எண்ணிப் பழகிய மேல்நாட்டு ஜனரஞ்சக இசையில் ஐந்து என்பது அபூர்வம். அந்த ஐந்தில் ஒரு தொட்டில் ஆடுவதுபோன்ற சுகம் இருக்க, அதே தாளத்துக்குள் யூதாஸ் குறுக்கிட்டு இந்தத் தைலத்தின் விலைக்கு எத்தனை ஏழைகள் சாப்பிட்டிருப்பார்கள் என்று கணக்குக் கேட்கும்போது, சுகமும் கணக்கும் ஒன்றையொன்று இடிப்பதைக் காது நன்றாகவே உணர்ந்துகொள்ளும். தேவாலயத்தில் வியாபாரிகளும் காசுக்காரரும் இரைவதற்கு ஏழு, அதாவது மிஸ்ரம். இயேசு அவர்களைத் துரத்தியடித்த பின்பு, அதே மெட்டில், மெல்ல ஊர்ந்துவரும் கதியில், குருடரும் முடவரும் குஷ்டரோகிகளும் அவரைச் சூழ்ந்துகொண்டு தொடச்சொல்லிக் கெஞ்சுகிறார்கள். கூட்டம் பெருகப் பெருகக் காலமும் துரிதமாகிறது. நீங்கள் கணக்கற்றவர்கள், நான் ஒருவன் என்ற தத்தளிப்பில் அவர் கடைசியில் அவர்களையே விரட்டிவிடுகிறார். விற்கிறவர்களும் வேண்டுகிறவர்களும் ஒரே மெட்டைப் பாடுவது தற்செயல் அன்று. இத்தட்டின் சமூக விமர்சனம் முழுவதையும் ஒரே பாட்டில் கேட்க விரும்புகிறவர் இதைக் கேட்டால் போதும் என்பது என் அபிப்பிராயம். ஏரோதுவின் பாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கைதட்டலுக்காகவே செருகப்பட்டதுபோல் இருக்கிறது. டிம் ரைஸின் எதுகைகள் சில இடங்களில் விளம்பரப் பாட்டுகளின் தரத்துக்கு இறங்குவதையும் மறைப்பதற்கில்லை.

எதிர்ப்பு நாலா திசையிலிருந்தும் வந்தது. கிறிஸ்தவர்களில் பலருக்குப் பெருங்குறை, கதை சிலுவையோடு முடிந்துவிடுகிறது, உயிர்த்தெழுதல் இல்லை என்பது. யூதாஸின்மேல் இரக்கம் பிறப்பதும், மகதலேனாள் பாட்டில் பக்தியோடு காதலும் கலந்து ஒலிப்பதும் அதற்குமேல். யூதர்களுக்கோ, தலைமை ஆசாரியன் காய்பாவையும் மற்ற ஆசாரியர்களையும் இப்படிக் கறுப்பாகத் தீட்டினால் கிறிஸ்துவைக் கொன்ற பழி மறுபடியும் தங்கள் இனத்தின் தலையில் விழுமே என்ற, சரித்திரம் கற்றுக்கொடுத்த பயம். பி.பி.சி. வானொலி அதை நிந்தனை என்று ஒதுக்கிற்று. தென்னாப்பிரிக்க அரசாங்கம் தடை செய்தது. வத்திக்கானின் வானொலியோ ஒலிபரப்பிற்று. எந்த தியேட்டரின் வாசலில் எதிர்ப்பாளர்கள் பலகை ஏந்தி நின்றார்களோ, அந்த மார்க் ஹெலிங்கர் தியேட்டரே பிற்பாடு ஒரு கிறிஸ்தவ சபையின் கைக்கு மாறி, இன்று அதில் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கிறது.

இனிக் கோட்டயத்துக்கு வருவோம். ஊருக்கு வெளியே களத்திற்படியில், திருவனந்தபுரத்தையே தம் சொந்த ஊராக வரித்துக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லால் கட்டிக்கொடுத்த ஒரு பள்ளிக்கூடம் உண்டு. அந்நாளில் அதன் பெயர் கார்ப்பஸ் கிறிஸ்டி, இப்போது பள்ளிக்கூடம் என்பதே பெயர். நடத்தியவர் மேரி ராய். நாவலாசிரியை அருந்ததி ராயின் தாயார் என்று இன்று அறியப்படும் அவர், அதற்கு முன்பே தம் பெயரால் நின்றவர். 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகனுடைய பங்கில் நாலில் ஒன்றோ ஐயாயிரம் ரூபாயோ, எது குறைவோ அதுவே மகளுக்கு என்று விதித்திருந்தது. அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை சென்று 1986-இல் வென்றவர் அவர். அந்தத் தீர்ப்பு சுரியானிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் வீட்டுக்கூடங்களில் எத்தகைய மனக்கசப்பை உண்டாக்கியிருக்கும் என்பதை, நாலு அண்ணன் தம்பிகளோடு பிறந்த எவரும் எளிதில் ஊகிக்கலாம்.

1990-இல் அந்தப் பள்ளிக் குழந்தைகள் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' நாடகத்தை மேடையேற்ற ஆயத்தமானார்கள். மாவட்டக் கலெக்டர் அல்போன்ஸ் கண்ணந்தானம் அதைத் தடை செய்தார். இவர் சாமானியமான அதிகாரி அல்லர். அதற்கு முந்தின ஆண்டுதான், 1989-இல், இந்தியாவிலேயே எழுத்தறிவு முழுமை பெற்ற முதல் நகரம் என்ற பெருமை கோட்டயத்துக்குக் கிடைத்திருந்தது. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்தி நாடெங்கும் கீர்த்தி பெற்ற கலெக்டர் இவர். பிற்காலத்தில் மத்திய மந்திரியாகவும் இருந்தார். இருபது வருஷம் பழையதும், லண்டனில் எட்டு வருஷம் தொடர்ந்து ஓடியதும், உலகமெங்கும் சினிமாவாகப் பார்க்கப்பட்டதுமான ஒரு பாட்டுநாடகம், ஒரு பள்ளிக்கூட மேடையில் குழந்தைகள் வாயால் பாடப்பட்டால் மத உணர்ச்சி புண்படும், பொது அமைதி குலையும் என்று இப்படிப்பட்ட ஒருவர் கருதினார் என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

யோசித்தால், இசைத்தட்டுக்குள்ளேயே அந்தக் கலெக்டருக்கு ஒரு மூதாதை இருப்பது தெரியவரும். ஆசாரியர்கள் கூடி ஆலோசிக்கும் பாட்டில் காய்பா எடுத்துச் சொல்லும் காரணம் வேதத்தைப் பற்றியதன்று. கூட்டம் பெருத்துவிட்டது, ரோமாபுரிக்காரன் பார்த்தால் ஊரே அழியும், ஆகவே இந்த ஒருவரை அடக்கிவிடுவதே க்ஷேமம் என்பதுதான் அவன் வாதம். சட்டம் ஒழுங்கு என்று நம் அரசாங்க அலுவலகங்களில் சொல்லுகிறோமே, அதுவேதான். தப்பான ஆசாமி அல்லன் காய்பா, பொறுப்புள்ளவன், தன் பொறுப்பில் உள்ள ஊர் அமைதியாக இருக்கவேண்டும் என்பதற்குமேல் எதையும் கேளாதவன். இதைச் சொல்லுவதால் ஒரு கலெக்டரை நான் காய்பாவாக்கவில்லை. இத்தகைய இடத்தில் உட்கார்கிற எவரும் அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கிவிடுவார்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

கேரளத்துக்கு அது புதிதும் அன்று. நாலு வருஷத்துக்கு முன், 1986-இல், பி. எம். ஆன்டனி எழுதிய 'கிறிஸ்துவின்டே ஆறாம் திருமுறிவு' என்ற நாடகத்தை, சபைகளின் கிளர்ச்சியைத் தொடர்ந்து மாநில அரசாங்கம் தடை செய்திருந்தது. தமிழ்நாட்டுக்காரர்களும் இதைக் கேட்டுப் புருவம் உயர்த்த வேண்டியதில்லை. எம். ஆர். ராதா ராமாயணத்தை நாடகமாகப் போட்டு அதற்குள் புராணத்தையும் புரோகிதத்தையும் கேலிசெய்து ஊர் ஊராகச் சுற்றியபோது, அவரை அடக்கும் நோக்கத்தோடு 1954-இல் சென்னை ராஜ்யம் நாடகங்களுக்கென ஒரு சட்டமே இயற்றிற்று. அந்தச் சட்டம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல, எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேடையில் ஆளுங்கட்சியையும் சாமியையும் ஒரே மூச்சில் வெளுத்து வாங்கி, ரசிகனையும் விடாமல் திட்டி, திட்டு வாங்கிய ரசிகனே மறுநாளும் டிக்கெட் வாங்கி வந்து உட்காரும்படி செய்த ராதாவைவிடப் பெரிய ராக் நட்சத்திரம் தமிழ்நாட்டில் தோன்றியதில்லை. கையில் கிட்டார் இல்லாததுதான் குறை.

இத்தனைக்கும் கோட்டயத்துத் தடைக்கு ஒரு வருஷம் முன்னதாக, 1989 மார்ச்சில், உச்சநீதிமன்றம் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கிலேயே இந்த விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் இட ஒதுக்கீட்டை விமர்சித்ததால், அதன் தணிக்கைச் சான்றிதழை உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அந்த முடிவைத் தள்ளிய உச்சநீதிமன்றம், ஊர்வலமும் கலவரமும் வரும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து கருத்துரிமையை நசுக்கக்கூடாது, எதிர்ப்பாளர்களை அடக்கிப் பேசுகிறவனைக் காப்பதே அரசின் கடமை என்று கூறிற்று. படத்தின் கருத்து நமக்கு உடன்பாடா இல்லையா என்பது வேறு, எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்பு மட்டும் தங்கம். அது கோட்டயத்தை எட்டவில்லை. மேரி ராய் மறுபடியும் கோர்ட்டுப் படியேறினார். 2015-இல், கால் நூற்றாண்டு கழிந்த பிறகு, உச்சநீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கியபோது, ஒத்திகை பார்த்த குழந்தைகள் தங்கள் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் இருந்தார்கள். 2022-இல் மேரி ராயும் காலமானார்.

தெய்வத்தோடு சண்டை பிடிப்பது பக்திக்கு விரோதம் என்று நம்மில் யாரேனும் சொன்னால், அவர் தமிழ்ப் பக்தி இலக்கியத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை என்றே சொல்லவேண்டும். கண் இழந்த சுந்தரர் சிவபெருமானை ஏசிய ஏச்சைக் கோயிலிலேயே பதிகமாக ஓதுகிறோம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் திருப்புன்கூர் நந்தி விலகியது வெளியில் நிற்கும் ஒருவனுக்காக. அந்தக் கீர்த்தனைகளைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்களில் எத்தனைபேர் தங்கள் ஊர்க் கோயில் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பது சங்கடமான கேள்வி. இயேசுவின் கதையைக் கிறிஸ்தவர் அல்லாத கண்ணதாசன் 'இயேசு காவியம்' என்று பாடியபோது தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை உவந்து ஏற்றார்கள். எனவே, புண்படுவது பெரும்பாலும் பாடலின் பொருளால் அன்று என்று எனக்குப் படுகிறது. யார் பாடுகிறார்கள், எந்த இடத்தில் நின்று பாடுகிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது. கோட்டயத்தில் அந்தப் பாட்டுக்குப் பின்னால் நின்றது, அண்ணன் தம்பிகளிடம் சொத்தில் சரிபங்கு வாங்கிக்கொடுத்த ஒரு பெண்மணி என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சமீபத்து உதாரணம் ஒன்று. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியில், டென்மா என்ற இசையமைப்பாளர் வடசென்னையின் கானாப் பாடகர்களையும், பறை, சட்டி, கட்ட மோளம் வாசிப்பவர்களையும், ராக், ராப் கலைஞர்களையும் ஒன்றுசேர்த்து, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவை அமைத்தார். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அவர்கள் கோட்டு அணிந்து மேடையேறினார்கள். சாவு வீட்டுப் பந்தலில் ஆண்கள் பாடும் பாட்டு என்று பேர்வாங்கிய கானாவை, அந்தக் குழுவில் பெண் குரலாக நின்று பாடியவர் இசைவாணி. கோயிலுக்குள் நான் வந்தால் என்ன என்று ஐயப்பனிடமே மன்னிப்புக் கேட்கும் பாவனையில் வினவும் ஒரு பாட்டை 2018-இல் அவர் பாடினார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் சபரிமலையில் பெண்கள் நுழைவு பற்றிய வழக்கின் தீர்ப்பு வந்து கேரளம் கொந்தளித்தது. ஆயினும் அந்தப் பாட்டின்மேல் பெரும் புயல் அடித்தது ஆறு வருஷம் கழித்து, 2024 நவம்பரில். போலீசில் புகார்கள், கைப்பேசியில் மிரட்டல்கள், கேட்கக் கூசும் வசைகள். இது கோயில் நுழைவு உரிமையைப் பற்றிய பழைய பாட்டு என்று நீலம் விளக்கம் சொல்ல நேர்ந்தது. பாட்டு அதே பாட்டுத்தான். இடையில் மாறியது இசைவாணியின் பிரசித்தி. 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்மணிகள் பட்டியலில் இடம்பெற்று, ஊரறிந்த முகமாக அவர் ஆகியிருந்தார். கீர்த்தி வந்தவுடன் கூட்டம் வருகிறது, கூட்டத்தோடு கல்லும் வருகிறது என்று யூதாஸ் எச்சரித்தது இவ்விடத்திலும் பொருந்துகிறது. பக்தர்களில் சிலருக்கு உண்மையாகவே மனம் நொந்திருக்கும். அதை நான் பரிகசிக்கவில்லை. நொந்த மனம் பதில் பாட்டுப் பாடலாம். ஒரு பெண்ணின் தொலைபேசி எண்ணைத் தேடிப்போவதற்கும் பக்திக்கும் என்ன சம்பந்தம்?

பழவங்காடியிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் பத்மநாப சுவாமி கோயிலின் பக்கத்தில் நவராத்திரி மண்டபம். ஒன்பது நாளும் அங்கே நடக்கும் கச்சேரியில் கைதட்டல் கிடையாது. எப்பேர்ப்பட்ட வித்வானுக்கும் இல்லை. பாடுவது சரஸ்வதிக்கு, சபைக்கு அல்ல என்பது அங்குள்ள சம்பிரதாயம். நட்சத்திர மோகத்துக்கு இதைவிட நல்ல மருந்து யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்பதும் சம்பிரதாயமாகவே இருந்தது. 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் உட்கார்ந்து பாடும் வரையில். அவர் பாடினார், சரஸ்வதி கோபித்துக்கொண்டதாகச் செய்தி இல்லை.

கோட்டயத்துக் குழந்தைகளால் பாடப்படாத அந்த இசைத்தட்டை இன்று கைப்பேசியிலேயே எவரும் கேட்கலாம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆங்கிலம் முழுதும் பிடிபடாவிட்டால், சினிமாவை முதலில் பார்த்துவிட்டுத் தட்டுக்கு வருவது உசிதம். சினிமாவில் யூதாஸாக வரும் கார்ல் ஆண்டர்சனின் குரல் தட்டிலுள்ள யூதாஸின் குரலைவிட உயர்ந்தது என்பாரும் உண்டு, நானும் அக்கட்சி. இயேசுவுக்கு மட்டும் தட்டிலுள்ள இயான் கில்லன்தான். கெத்செமனே தோட்டத்தில், நான் ஏன் சாகவேண்டும் என்று பிதாவிடம் காரணம் கேட்கும் பாட்டில் அவர் மேல்ஸ்தாயிக்கு ஏறிக் கதறும் இடம் ஒன்று வரும். வீட்டில் பெரியவர்கள் உறங்கும் நேரமானால் ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.